ஃபார்ம்ல பொண்ணு, டிஎன்ஏல ஆணு: இந்த 11 சாம்பிளையும் தூக்கிடலாமா?

மூணாவது வருஷம்:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப தான் மொத போஸ்ட். நான் ஜெனிடிக்ஸ்ல பிஎச்டி மூணாவது வருஷம். சுகர் பத்தின ப்ராஜெக்ட், தென் மாவட்டங்கள்ல கேம்ப் போட்டு எடுத்த 1,184 ரத்த சாம்பிள், எல்லாம் அர்ரே சிப்ல ஜீனோடைப் பண்ணி (டிஎன்ஏ எழுத்துகள படிச்சு) முடிச்சாச்சு, க்யூசி (தரம் சரிபார்க்குறது) பண்ற வேலை என் தலையில விழுந்துடுச்சு. பிளிங்க்னு ஒரு சாஃப்ட்வேர்ல ஆணா பெண்ணானு பாக்குற செக்-செக்ஸ் ஓட்டினா 11 பேருக்கு "ப்ராப்ளம்"னு வருது. ஃபார்ம்ல பெண்ணுனு இருக்கு டிஎன்ஏ ஆணுங்குது, இல்லனா தலைகீழா, சிலது ரெண்டும் இல்லாம நடுவுல நிக்குது.

சீனியர்கிட்ட கேட்டா "எல்லாரும் தூக்கிடுவாங்கம்மா, பால் பொருந்தாத சாம்பிள்கள் நீக்கப்பட்டனனு ஒரு வரி எழுதிட்டு அடுத்த வேலைய பாரு"ன்றாங்க. பேப்பர்லயும் அப்படித்தான் இருக்கு, நானே நூறு தடவை படிச்சிருக்கேன், அந்த வரிக்குப் பின்னாடி என்ன இருக்குனு ஒரு நாளும் யோசிச்சதில்ல. ஆனா அந்த கேம்ப்ல நானும் இருந்தேன். காலைல வெறும் வயித்துல ஏழு மணிக்கே வந்து வரிசைல உக்காந்தவங்க அவங்க. அதான் டெலிட் அமுக்க கை வரல.

இது ஏன் வருது, தூக்குறது சரிதானா, நிஜமாவே ஒருத்தருக்கு குரோமோசோம் வேற மாதிரி இருந்தா அவங்ககிட்ட சொல்லணுமா? திட்டாம சொல்லுங்க.

பழைய பைப்பெட்:

திட்ட ஒண்ணும் இல்லம்மா, நல்ல கேள்வி. 1,184ல 11 ரொம்ப ஜாஸ்தி. அதனால மொதல்ல உயிரியல சந்தேகப்படாத, உங்க லேப சந்தேகப்படு.

செக்-செக்ஸ் என்ன பண்ணுதுனு தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். அது ஒய் குரோமோசோம பாக்கவே இல்ல, நீ தனியா கேட்டா தான் பாக்கும். எக்ஸ்ல எவ்ளோ இடத்துல ரெண்டு வேற வேற எழுத்து இருக்குனு எண்ணுது, அவ்ளோதான். ஒரே ஒரு எக்ஸ் இருந்தா ரெண்டு எழுத்து வரவே முடியாது, எஃப்ங்கற அளவு 1 கிட்ட நிக்கும், ரெண்டு எக்ஸ்னா 0 கிட்ட வரும். 0.8க்கு மேலனா ஆண், 0.2க்கு கீழனா பெண், நடுவுல மாட்டினா ப்ராப்ளம். இந்த ரெண்டு நம்பரும் சாஃப்ட்வேர்லயே இருக்குற டிஃபால்ட், வேதவாக்கு இல்ல.

இப்ப நம்ம ஊர் கதைக்கு வருவோம், இத யாரும் டுடோரியல்ல சொல்ல மாட்டாங்க. சொந்தத்துல கல்யாணம். ஒருத்தர் தன் மாமன் பொண்ண கட்டினாருனு வை, அவங்களுக்குப் பொறக்குற பொண்ணோட எக்ஸ்ல சராசரியா எட்டுல ஒரு பங்கு ரெண்டு பக்கமும் ஒரே கொள்ளுப்பாட்டிகிட்ட இருந்து வந்த துண்டா இருக்கும். மத்த குரோமோசோம்கள்ல அது பதினாறுல ஒண்ணு தான். அதே ஆளு அத்தை பொண்ண கட்டியிருந்தா எக்ஸ்ல பூஜ்யம், ஏன்னா அவரோட எக்ஸ் அவங்க அம்மாகிட்ட இருந்து வந்தது, அத்தை அப்பா பக்கம். அக்கா மகள கட்டுற தாய்மாமன் கல்யாணத்துலயும் எட்டுல ஒண்ணு. இது சராசரி, எக்ஸ் ஒரே குரோமோசோம்ங்கறதால ஆளுக்கு ஆள் ரொம்ப ஏறி இறங்கும், ஒருத்திக்கு 0.3 வந்தா கூட ஆச்சரியப்படாத. அந்தப் பொண்ணுகிட்ட எந்தக் கோளாறும் இல்ல, அவ அம்மா அப்பா மாமன் மகள் அத்தை மகன், அவ்ளோதான். அந்த டிஃபால்ட் 0.2 கோட்ட நம்ம ஊருக்கு அப்படியே போட்டா நம்ம பொண்ணுங்களத் தான் தூக்குவோம்.

அடுத்தது எக்ஸும் ஒய்யும் ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி இருக்கும், அந்த முனைய தனியா பிரிச்சு வச்சுட்டு தான் ஓட்டணும். பிரிக்கலனா ஆம்பளைக்கும் ரெண்டு எழுத்து வந்து எஃப் கீழ இறங்கிடும்.

இதெல்லாம் சரி பண்ணிட்டு ஒய்யையும் எண்ணிப் பாரு. நாலு விதமா வரும். எக்ஸ்ல ஒரு எழுத்து ஒய் இருக்கு, எக்ஸ்ல ரெண்டு எழுத்து ஒய் இல்ல, இது ரெண்டும் தெரிஞ்சது. எக்ஸ்ல ரெண்டு எழுத்து ஆனா ஒய்யும் இருக்குனா எக்ஸ்எக்ஸ்ஒய்யா இருக்கலாம், க்ளைன்ஃபெல்டர், ஆயிரம் ஆம்பளைங்கள்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு இருக்கும், பாதி பேருக்கு மேல ஆயுசுக்கும் தெரியாமலே போயிடும். இல்லனா ரெண்டு பேர் ரத்தம் கலந்துடுச்சு, அதையும் செக் பண்ணு. எக்ஸ்ல ஒரு எழுத்து ஒய்யும் இல்லனா டர்னர், ஒரே ஒரு எக்ஸ் உள்ள பெண். பிளிங்க் இந்தப் பெண்ண ஆணுனும் அந்த ஆண பெண்ணுனும் எழுதி வைக்கும், சிரிப்பா இருக்கும்.

ப்ளேட்ட எடுத்து வச்சு 11 பேரும் எந்த கிணத்துல (சாம்பிள் ஊத்துற குழி) இருந்தாங்கனு பாரு. பக்கத்து பக்கத்து கிணத்துல ஒரு ஆண் ஒரு பெண் மாறியிருந்தா அது பைப்பெட் புடிச்சவன் டீ குடிக்கப் போன நேரம்.

கொங்குக்காரன்:

எனக்கு ஒண்ணு புரியலீங்க. எக்ஸ்எக்ஸ்னா பொண்ணு, எக்ஸ்ஒய்னா ஆம்பள, பத்தாங்கிளாஸ் புக்குலயே இருக்குது. ஆயிரத்துல ஒருத்தருக்கு வேற மாதிரி இருந்தா அது எக்ஸப்சன், அதுக்காக ரூல மாத்துவாங்களா? விதிவிலக்க தூக்கிட்டு மிச்சத்த பாக்கறதுதானுங்க சயின்ஸ். இப்பல்லாம் இந்த டாபிக் எடுத்தாலே அரசியல் ஆயிருது, அந்தப் புள்ளைக்கு பேப்பர் முடிச்சாப் போதும், குழப்பாம விடுங்க.

வெள்ளைக்கோட்டு:

கொங்கு அண்ணா, பத்தாங்கிளாஸ் புக்கு தப்பு இல்ல, பத்தாங்கிளாஸுக்கு அது போதும். நான் குரோமோசோம் டெஸ்ட் பண்ற லேப்ல 14 வருஷமா இருக்கேன், அந்த "எக்ஸப்சன்" எல்லாம் என் மேஜைக்குத் தான் வருவாங்க.

ஆண் பெண்ணுனு நாம ஒரே வார்த்தைல சொல்றது உண்மைல ஒரு வரிசை. குரோமோசோம், அப்புறம் அதுல இருக்குற ஜீன், அப்புறம் விரையா சினைப்பையானு உருவாகுற உறுப்பு, அப்புறம் ஹார்மோன், அந்த ஹார்மோன கேக்குற ரிசப்டர், வெளியில தெரியுற உடம்பு, கடைசில அந்த ஆளு தன்ன யாருனு நினைக்கிறாங்கன்றது. கிட்டத்தட்ட எல்லாருக்கும் எல்லாம் ஒரே பக்கம் நிக்கும் அதனால ஒண்ணப் பாத்தா மத்தத சொல்லிடலாம்னு பழகிட்டோம். சில பேருக்கு நடுவுல ஒரு படி வேற பக்கம் திரும்பிடும். ஒய்ல எஸ்ஆர்ஒய்னு ஒரு ஜீன், 1990ல லண்டன்ல கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருஷமே எக்ஸ்எக்ஸ் எலிக் கருவுக்குள்ள அத மட்டும் வச்சாங்க, அது ஆணா வளர்ந்துச்சு. அந்த ஜீன் ஒய்யோட ஓரத்துல தான் உக்காந்திருக்கு, எப்பவாவது அப்பா உடம்புல விந்து உருவாகும்போது தாவி எக்ஸ்ல ஏறிடும். அப்படிப் பொறந்தவர் எக்ஸ்எக்ஸ், ஆனா ஆம்பள, தாடி மீசை எல்லாம் இருக்கும், குழந்தை இல்லனு ஆஸ்பத்திரிக்கு வரும்போது தான் தெரியும். உங்க ரூல்படி அவரு பொண்ணுங்களாண்ணா?

சரி, விதிவிலக்க தூக்கிட்டுப் போனா என்ன ஆகும்னு ஸ்போர்ட்ஸ்காரங்க ஏற்கனவே செஞ்சு காட்டிட்டாங்க. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ்ல இருந்து கன்னத்துல பஞ்ச தேய்ச்சு எக்ஸ் எண்ணினாங்க. 1985ல ஜப்பான் கோபேல நடந்த பல்கலைக்கழக போட்டில ஸ்பெயின் ஹர்டில்ஸ் வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினஸ் பட்டின்யோக்கு எக்ஸ்ஒய்னு வந்துச்சு, காயம்னு சொல்லி ஒதுங்கிக்கோனாங்க, அடுத்த வருஷம் அவங்க ஒதுங்கல, விஷயம் பத்திரிகைல வந்துடுச்சு, ஸ்காலர்ஷிப் போச்சு, ரெக்கார்ட அழிச்சாங்க. அவங்க உடம்பு டெஸ்டோஸ்டிரோன கேக்கவே கேக்காது, அதனால அட்வாண்டேஜ்னு ஒண்ணும் இல்ல. 1988ல திரும்ப சேத்துக்கிட்டாங்க, ஆனா நல்லா ஓடுற வருஷங்கள் போச்சு. 1996 அட்லாண்டால 3,387 பெண்கள டெஸ்ட் பண்ணி 8 பேருக்கு ஒய் சமாச்சாரம் வந்துச்சு, விசாரிச்சுட்டு எட்டு பேரையும் போட்டில கலந்துக்க விட்டாங்க, அப்புறம் சிட்னிக்கு முன்னாடி டெஸ்ட்டே வேணாம்னு நிறுத்தினாங்க. இப்ப 2025 செப்டம்பர்ல இருந்து உலக தடகள சங்கம் எஸ்ஆர்ஒய் டெஸ்ட்ட திரும்பக் கொண்டு வந்துடுச்சு. அந்த ஜீன கண்டுபிடிச்ச குழுல இருந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே இது சரியான அளவுகோல் இல்லனு எழுதினாரு. ஜீன் இருக்கானு தான் டெஸ்ட் சொல்லும், அது வேலை செஞ்சுதா, விரை வந்துதா, ஹார்மோன உடம்பு கேட்டுச்சானு சொல்லாதுன்றது அவரோட வாதம்.

நம்ம புதுக்கோட்டை சாந்திய மறந்துட்டோமா என்ன. 2006 தோஹா ஆசிய விளையாட்டு, 800 மீட்டர் ஓட்டம், வெள்ளி. டெஸ்ட்ல ஃபெயில்னு சொல்லி மெடல வாங்கிட்டாங்க, டிவில எல்லாம் ஓட்டினாங்க.

டொரண்டோ குளிர்:

நான் இஞ்ச கனடாவில ஒரு லாப்பில வேலை செய்யிறன். ஒரு சின்ன விசயம் சேர்க்கிறன், தங்கச்சி. எலும்பு மச்சை மாத்தின ஆக்கள் இருந்தா ரத்தத்தில டோனரின்ர டிஎன்ஏ தான் வரும். அக்காட்ட வாங்கின தம்பிக்கு ரத்தம் எக்ஸ்எக்ஸ் எண்டு காட்டும், எச்சில்ல ரெண்டும் கலந்து வரும். எங்களுக்கு ஒருக்கா அப்பிடி வந்து ரெண்டு கிழமை மண்டைய உடைச்சம், கடைசியில அவற்ற பழைய மெடிக்கல் ஃபைல் பாத்துத்தான் தெரிஞ்சது. மற்றது வயசு போன ஆம்பிளையளுக்கு ரத்தத்தில ஒய் கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போகும், சிகரெட் பத்துறவைக்கு இன்னும் கூட. உங்கட சுகர் சாம்பிள்ல வயசாளிகள் கன பேர் இருப்பினம் தானே, ஒய் சிக்னல் குறைஞ்சிருக்கு எண்டு உடன முடிவெடுக்காதேங்கோ.

பேர் வேண்டாம்:

இந்த மாதிரி த்ரெட்ல நான் பேசறதில்ல. ஆனா "எக்ஸப்சன தூக்கிடு"னு பாத்ததும் எழுதாம இருக்க முடியல.

எனக்கு 46 எக்ஸ்ஒய், அதாவது குரோமோசோம் 46, அதுல ஒரு எக்ஸ் ஒரு ஒய். பொண்ணாத் தான் பொறந்தேன், பொண்ணாத் தான் வளர்ந்தேன், இப்பவும் பொண்ணு தான். அஞ்சு வயசுல ஹெர்னியானு ரெண்டு பக்கமும் ஆபரேஷன் பண்ணாங்க, அப்ப என்ன எடுத்தாங்கனு எங்க அம்மாவுக்கே சரியா சொல்லல. 17 வயசு வரைக்கும் வயசுக்கு வரல, ஊர்ல எல்லாரும் அம்மாவ கேக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் டெஸ்ட். குரோமோசோம் டெஸ்ட் ரிப்போர்ட்ல "கேரியோடைப்: ஆண்"னு ஒரு வரி. டாக்டர் என்ன வெளில உக்கார வச்சுட்டு எங்க அப்பாகிட்ட மட்டும் பேசினாரு, அதுவும் கதவ முழுசா சாத்தாம. நான் 24 வயசுல அந்த பேப்பர பீரோல எடுத்துப் படிச்சேன். அது வரைக்கும் ஹார்மோன் மாத்திரைய சத்து மாத்திரைனு சொல்லித் தான் குடுத்தாங்க.

வெள்ளைக்கோட்டு சொன்ன அந்த ரிசப்டர் சமாச்சாரம் தான் எனக்கு. அந்த ஜீன் எக்ஸ்ல இருக்கு, ஒய்ல இல்ல, அது கூட எவ்ளோ பேருக்குத் தெரியும்னு தெரியல.

உங்க கேம்ப்ல நான் வந்து ரத்தம் குடுத்திருந்தா உங்க லிஸ்ட்ல 12வதா இருந்திருப்பேன். தூக்குறதுக்கு நியாயமான காரணம் இருந்தா தூக்குங்க, எனக்கு கோவம் இல்ல. ஆனா "எரர்"னு எழுதாதீங்க. என் ஃபார்ம்ல நான் பொய் எழுதல, உங்க சிப்பும் பொய் சொல்லல.

இன்னொண்ணு, உங்க ஃபார்ம்ல கேள்வி எப்படி இருந்துச்சு? பெரும்பாலும் "பாலினம்: ஆ / பெ"னு ஒரு கட்டம் தான் இருக்கும். அது என் உடம்ப கேக்குதா, ரேஷன் கார்ட கேக்குதா, என்ன கேக்குதா? இலக்கணத்துல அஞ்சு பால் படிச்சோம், ஃபார்ம்ல ரெண்டு தான் 😄

வெள்ளைக்கோட்டு:

நன்றிம்மா, எழுதினதுக்கு. அந்த கதவு சாத்தாத விஷயம் நானும் பல இடத்துல பாத்திருக்கேன். ஒண்ணு மட்டும் சொல்றேன், 2019 ஏப்ரல்ல ஐகோர்ட் மதுரை கிளை ஒரு தீர்ப்புல இப்படி பொறக்குற குழந்தைங்களுக்கு உயிருக்கு ஆபத்து இருந்தா ஒழிய சரி பண்றோம்னு ஆபரேஷன் பண்ணக் கூடாதுனு சொல்லுச்சு, அந்த ஆகஸ்ட்லயே தமிழ்நாட்டுல ஜிஓ போட்டாங்க. நாட்டுலயே மொதல்ல இங்க தான். உங்க அஞ்சு வயசுக்கு அது லேட்டு, தெரியும்.

பழைய பைப்பெட்:

பேர் வேண்டாம் சொன்னதுக்கு அப்புறம் "சொல்லணுமா"ங்கற கேள்விக்கு வரேன், மூணாவது வருஷம் அதையும் கேட்டுது.

அவசரப்பட்டு போன் பண்ணிடாத. ஒரு பழைய கதை. 1965ல ஸ்காட்லாந்துல குற்றம் பண்ண மனநோயாளிங்கள வச்சிருந்த ஆஸ்பத்திரில குரோமோசோம் எண்ணினாங்க, எக்ஸ்ஒய்ஒய் உள்ளவங்க எதிர்பாத்தத விட ஜாஸ்தியா இருந்தாங்க. அவ்ளோதான், ஒய் ரெண்டு இருந்தா கொலகாரன்னு பத்திரிகைக்காரன் ஆரம்பிச்சுட்டான். சிகாகோல எட்டு நர்சுங்கள கொன்ன ரிச்சர்ட் ஸ்பெக்குக்கு எக்ஸ்ஒய்ஒய்னு 1968ல செய்தி போட்டாங்க, டெஸ்ட் பண்ணா சாதாரண எக்ஸ்ஒய். பாஸ்டன்ல ஒரு ஆஸ்பத்திரில பொறந்த ஆண் குழந்தைங்கள ஸ்க்ரீன் பண்ணி எக்ஸ்ஒய்ஒய் இருந்தா அப்பா அம்மாகிட்ட சொல்லிட்டு அந்தப் பையன் எப்படி வளர்றான்னு பாத்துட்டு இருந்தாங்க. சொன்னதுக்கு அப்புறம் அந்த அம்மா பையன எப்படிப் பாப்பா? அவன் பொம்மைய உடைச்சா கூட சந்தேகம் வரும்ல. அத எதிர்த்து சத்தம் போட்டு 1975ல ஸ்க்ரீனிங்க நிறுத்த வச்சாங்க. அடுத்த வருஷம் டென்மார்க்ல ஆயிரக்கணக்கான ஆளுங்கள வச்சுப் பாத்தாங்க, வன்முறை ஜாஸ்தினு எதுவும் வரல.

அதனால, கன்சென்ட் ஃபார்ம்ல இந்த மாதிரி தற்செயலா ஏதாவது தெரிஞ்சா சொல்லவா வேணாமானு கேட்டிருக்கீங்களா பாரு. கேக்கலனா நீயா முடிவு எடுக்கறது இல்ல, எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகணும். ஐசிஎம்ஆர் 2017 கைட்லைன்ஸ எடுத்து வச்சுக்கிட்டுப் போ. சிப் ரிசல்ட் டயக்னோசிஸ் கிடையாது, அத வச்சு ஒருத்தர்கிட்ட எதுவும் சொல்லக்கூடாது, சொல்றதா இருந்தா முறையா கேரியோடைப் பண்ணி, கவுன்சிலிங்கோட, கதவ சாத்திட்டு.

தூக்குறது பத்தி. சாம்பிள் மாறிப் போச்சுனா கண்டிப்பா தூக்கணும், யாரோட சுகர் யாரோட டிஎன்ஏனே தெரியாதுல்ல. ஆனா எக்ஸ்எக்ஸ்ஒய் ஆள ஏன் தூக்கணும்? அவருக்கு 22 ஜோடி மத்த குரோமோசோம் நல்லாத் தான இருக்கு. அதுலயும் நீ பண்றது சுகர், க்ளைன்ஃபெல்டர் உள்ளவங்களுக்கு சுகர் வர்ற வாய்ப்பே ஜாஸ்தி, அப்ப நீ எதப் படிக்க கிளம்பினயோ அதையே தூக்கிப் போடுற மாதிரி ஆகுது. எக்ஸ மட்டும் அவருக்கு விட்டுடு. எக்ஸ எவன் பாக்குறான்னு கேக்காத, 2013ல ஒரு கணக்கு எடுத்தாங்க, அது வரைக்கும் வந்த ஜீனோம் ஆய்வுகள்ல மூணுல ஒரு பங்கு தான் எக்ஸையே சேத்திருந்துச்சு. ஆம்பளைக்கு ஒண்ணு பொம்பளைக்கு ரெண்டு, அந்த ரெண்டுல ஒண்ணு தூங்கும், தூங்குறதுலயும் கொஞ்சம் ஜீன் முழிச்சிட்டே இருக்கும், கணக்கு போடறது தலைவலினு குரோமோசோமையே விட்டுட்டாங்க நம்மாளுங்க.

கொங்குக்காரன்:

படிச்சனுங்க. பேர் வேண்டாம் அம்மணி, நான் எழுதுனது உங்களப் பாத்து இல்ல, ஆனா உங்க மேல தான் விழுந்திருக்குது, மன்னிச்சிருங்க.

ஆனா ஸ்போர்ட்ஸ்ல எனக்கு இன்னும் ஒப்பலீங்க, பொண்ணுங்களுக்குனு தனி ரேஸ் வச்சா ஒரு கோடு எங்கயாவது போட்டுத் தானுங்க ஆகோணும். அப்புறம் ஆண் பெண் கட்டத்தையே எடுத்துறலாம்னு யாராச்சும் கிளம்புனா அதையும் ஒத்துக்க மாட்டேன். மெடிக்கல் ரெப்பா இருந்தவன் நானு. ஜோல்பிடெம்னு தூக்க மாத்திரை, பொம்பளைங்களுக்கு மறுநாள் காலைலயும் ரத்தத்துல ஜாஸ்தி நிக்குதுனு 2013ல அமெரிக்கால டோஸ பாதியாக் கொறைச்சாங்க, 10 மில்லிகிராம் 5 ஆச்சு. மருந்து வந்து இருபது வருசம் கழிச்சு! பிரிச்சுப் பாக்காததால வந்த வினை அது.

வெள்ளைக்கோட்டு:

அது நூறு சதவீதம் சரிங்கண்ணா, யாரும் எடுக்கச் சொல்லல. ஒரு கட்டத்துக்கு பதிலா மூணு கட்டம் கேக்குறோம். கோடு எங்க போடறதுன்னு ஸ்போர்ட்ஸ்காரங்களுக்கே அம்பது வருஷமா தெரியல, நம்ம ரெண்டு பேரும் இங்க தீக்கப் போறதில்ல.

மூணாவது வருஷம்:

மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க.

பைப்பெட் அண்ணா சொன்ன மாதிரி முனைய பிரிச்சுட்டு, நம்ம சாம்பிள்லயே அலீல் அளவு (எந்த எழுத்து எவ்ளோ வருதுனு) எடுத்து, ஒய்யும் எண்ணினேன். 11ல 4 பேர் ஒரே ப்ளேட்ல பக்கத்து பக்கத்து கிணறு, ரெண்டு ஜோடி மாறியிருக்கு (அந்த நாள் பைப்பெட் புடிச்சது நான் தான், சிரிக்காதீங்க). 3 பேர் எஃப் 0.2ல இருந்து 0.33 வரைக்கும் உள்ள பெண்கள், ஒய் சுத்தமா இல்ல, குடும்ப ஃபார்ம் பாத்தா மூணு பேர் வீட்டுலயும் அம்மா அப்பா சொந்தம், ரெண்டு தாய்மாமன் ஒரு மாமன் மகள். இவங்கள தூக்கியிருப்பேன்னு நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு. ஒண்ணு டைப்பிங் தப்பு, பேப்பர் ஃபார்ம்ல சரியாத் தான் இருக்கு. ஒருத்தருக்கு எக்ஸ்எக்ஸ்ஒய் மாதிரி வருது, கலப்படம் இல்லனு பாத்துட்டேன். ஒருத்தங்க ஃபார்ம்ல பெண், எக்ஸ் ஒண்ணு, ஒய் இருக்கு, பக்கத்து கிணறு எதுவும் பொருந்தல. இன்னும் ஒண்ணு என்னனே தெரியல, டிஎன்ஏ தரம் மோசம், அத மட்டும் தூக்கிட்டேன்.

கன்சென்ட் ஃபார்ம்ல அந்தக் கேள்வியே இல்ல. மேடம் மொதல்ல முகம் சுளிச்சாங்க, அப்புறம் இந்த த்ரெட்ட பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன் (பேர் வேண்டாம் அக்காவோட போஸ்ட மட்டும் விட்டுட்டேன், கேக்காம குடுக்க மனசு வரல). எத்திக்ஸ் கமிட்டி அடுத்த மாசம் கூடுது. அது வரைக்கும் அந்த ரெண்டு பேர் நம்பர எங்க லேப்லயே யாருக்கும் சொல்ல வேணாம்னு மேடம் சொல்லிட்டாங்க.

அடுத்த கேம்ப் ஃபார்ம எழுதற வேலையும் எனக்கே குடுத்துட்டாங்க. "பிறந்தப்ப பதிஞ்ச பால்", "இப்ப உங்கள எப்படி சொல்லிக்கிறீங்க", "எலும்பு மஜ்ஜை மாற்று நடந்திருக்கா"னு மூணு கட்டம் போட்டிருக்கேன். ரெண்டாவது கேள்விய வரிசைல பக்கத்துல ஆள் உக்காந்திருக்கும்போது எப்படி கேக்கறது? ஃபார்ம நாங்க தான் படிச்சு நிரப்புறோம், நிறைய பேருக்கு கண்ணாடி இருக்காது.

பேர் வேண்டாம்:

சத்தமா படிக்காதீங்க. ஊசி போடற மறைப்புக்குள்ள கேளுங்க, அங்க ஒரு ஆள் தான இருப்பாங்க. அப்புறம் என் போஸ்டையும் குடுங்க, பரவால்ல.